பதினெட்டு அங்குலக் குழாய்

மிச்சிகனில், எங்கள் மாவட்டத்தில்
வடிகாலுக்கும் தேர்தல் உண்டு.
சிரிக்காதீர்கள்.
கறுப்புச் சேற்று மண், செலரி வயல், எல்லாம் பள்ளம்.
பனி உருகும் மார்ச்சில் தண்ணீருக்கு
யாராவது வழி சொல்லியாக வேண்டும்.
அந்த யாராவது, இருபத்திரண்டு வருடமாக,
கெரிட் ப்ளோக்.

வாக்குச்சீட்டின் பின்பக்கம், அடியில்,
மடிப்பு விழும் இடத்தில் அவர் பெயர்.
எதிர்த்து நிற்க ஆளிருக்காது.
எந்தக் கட்சி என்று கேட்டால்
சீட்டைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்,
அவரும்கூட.

இந்த முறை
தலைநகரத்துச் சண்டை
அறுநூறு மைல் கார் ஓட்டி வந்து
எங்கள் வாசல் புல்லில் இறங்கியது.
கம்பிக்கால் நட்ட பலகைகள்:
சிவப்பு வீடு, நீல வீடு, சிவப்பு, சிவப்பு,
நடுவே பலகையே வைக்காத மார்லா கெட்லரின் வீடு.
அதைத்தான் இரண்டு தரப்பும் சந்தேகப்பட்டது.

படகு விற்கும் ட்ராவிஸ் லண்ட் போட்டியிட்டார்.
அவர் பலகையில் 'வடிகால்' எறும்பு எழுத்தில்;
'நாட்டை மீட்போம்'
சாலைக்கு அந்தப் பக்கமிருந்தே தெரியும்.
கெரிட்டுக்கும் அவர் கட்சி பலகை அச்சடித்துத் தந்தது.
அதில் அவர் யாரையோ பார்த்து முறைப்பதுபோல் இருந்தார்.
வெயில் கண்ணில் பட்டதாம்.

தீயணைப்பு நிலையத்தில் வேட்பாளர் கூட்டம்.
வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு
மடக்கு நாற்காலி போட்டிருந்தார்கள்.
பின்வரிசையில் ஒருவர் எழுந்தார்:
"எல்லைப் பிரச்சினையில் உங்கள் நிலைப்பாடு என்ன?"
கெரிட் தொப்பியைக் கழற்றி யோசித்தார்.
"ஏம்ஸ் நிலத்துக்கும் கெட்லர் நிலத்துக்கும் நடுவில்தானே?
அங்கே பதினெட்டு அங்குலக் குழாய் கிடக்கிறது.
இருபத்துநாலு போட வேண்டும். பணம் இல்லை."
பாதிப் பேர் கைதட்டினார்கள், நக்கல் என்று நினைத்து.
பாதிப் பேர் ஊளையிட்டார்கள், அதையே நினைத்து.
அவர் நக்கல் செய்யவில்லை.
செய்யத் தெரியாது.

இனி என் விஷயம்.
நாலு வருடம் முன்பு, ஓர் ஏப்ரலில்,
என் வீட்டு நிலவறையில் முழங்கால் தண்ணீர்.
இரவு இரண்டு மணிக்குப் பம்ப்போடு வந்தார்.
மிதந்துகொண்டிருந்த கிறிஸ்துமஸ் பெட்டியைத்
தோளில் ஏற்றிப் படி ஏறினார்.
காப்பிக்கு மூன்று கரண்டி சர்க்கரை கேட்டார்.
எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

ஞாபகம் இருந்தும்,
சீட்டின் முன்பக்கம், உச்சியில்,
கட்சிக்கு மொத்தமாக என்றொரு வட்டம் உண்டே,
அதைக் கறுப்பாக்கினேன்.
பேனா தாளைக் கிழிக்கப் பார்த்தது.
நான் ஒருநாளும் சந்திக்கப்போகாத ஒருவன்
தொலைக்காட்சியில் சிரித்த சிரிப்புக்குப் பதில் அது.
கெரிட் அந்தப் பக்கம் என்று தெரியும்.
தெரிந்ததை ஒரு நிமிடம்
தெரியாமல் வைத்துக்கொண்டேன்.
தாளைத் திருப்பவில்லை.

நூற்றுப் பதினொரு வாக்கில் தோற்றார்.

இப்போது மார்ச்.
லண்ட் நல்லவர்தான், போனை எடுக்கிறார்,
ஒரு குழு போட்டிருப்பதாகச் சொல்கிறார்.
நேற்று ராத்திரி பனிமேல் மழை.
நிலவறைத் தரை வியர்க்கத் தொடங்கியதும்
டார்ச்சோடு எல்லை வாய்க்காலுக்குப் போனேன்.

அங்கே ஏற்கெனவே ஒருவர்.
இடுப்புவரை ரப்பர் பூட்ஸ்,
கையில் முள்வாரி.

குழாய் வாயின் கம்பியில்
சோளத்தட்டை கொஞ்சம், ஒரு கூடைப்பந்து,
மீதியெல்லாம் பலகை.
சிவப்பும் நீலமும் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி,
தண்ணீர்கூட நுழைய முடியாத இறுக்கம்.
அக்டோபரில் அவை இத்தனை நெருங்கி நின்றதில்லை.
ஒவ்வொன்றாக உருவிக் கரையில் எறிந்தார்.
முறைத்த முகமும் ஒன்று வந்தது.
அதையும் எறிந்தார்.

சொல்ல வேண்டியது என் தொண்டைவரை வந்திருந்தது.
"லைட்டைக் கொஞ்சம் கீழே பிடி" என்றார்.

பிடித்தேன்.